பானை ஓட்டுக் கீறலைப் படமெடுக்க: முதலில் லென்ஸ், அடுத்து விளக்கு

அகழாய்வுப் பொருட்களைப் படமெடுக்க நல்ல கேமரா வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், "என்ன லென்ஸ்?" என்றுதான் கேட்பேன். லென்ஸ் மாட்டும் கேமரா உடல் (பாடி) பழையதாக இருக்கட்டும். பணத்தை லென்ஸில் போடுங்கள். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக்கோணம் கொண்டது. பானையின் அருகே கொண்டுபோனால் நடுப்பகுதி புடைத்துத் தெரியும், வாய் விளிம்பின் வளைவு மாறிவிடும். அந்த வளைவை வைத்துத்தானே பானையை வகைப்படுத்துகிறோம்! ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 90 முதல் 105 மி.மீ. வரை உள்ள மேக்ரோ லென்ஸ், அதாவது சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஒன்று போதும். சற்றுத் தள்ளி நின்றே சிறு பாசிமணியைக்கூட பெரிதாக எடுக்கலாம்.

வெளிச்ச விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம். கேமராவில் உள்ள ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் எதிரே விழும் ஒளி மேடு பள்ளத்தை மறைத்துவிடும். கீறல் (பானையில் கீறிய குறி) உள்ள ஓடு என்றால், ஒரு எல்.இ.டி. விளக்கை இடது மேல் பக்கத்தில் வைத்து, ஓட்டின் பரப்பை உரசிப் போவதுபோல் 10–15 டிகிரியில் ஒளியை விடுங்கள். கீறலின் ஒரு கரை நிழலாகும், மறுகரை பளிச்சிடும். வெறும் கண்ணுக்குச் சிக்காத கோடுகூட அப்போது தெரியும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் அடர்ந்து கறுக்காது. இடது மேலிருந்து ஒளி வருவதுதான் இத்துறையில் வழக்கம். கீழிருந்து வந்தால் பள்ளம் மேடாகத் தோன்றும். இன்னொன்று: ஒளி வரும் திசையிலேயே ஓடும் கீறலுக்கு நிழல் விழாது, படத்திலும் இருக்காது. அதனால் விளக்கை நகர்த்தி இரண்டாவது படம் கட்டாயம் எடுங்கள்.

ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 முதல் 11 வரை (எண் கூடினால் துளை சிறிதாகும்), இரண்டு விநாடி டைமர். எல்லாம் கூர்மையாக விழட்டும் என்று எஃப் 22க்குப் போனால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் மொத்தமும் மங்கும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவுசெய்த மூலத் தரவாகவே எடுங்கள். முதல் படத்தில் சாம்பல்நிற அட்டையை வைத்தால் மண்ணின் நிறத்தைப் பின்னர் சரியாக மீட்கலாம்.

அளவுகோலை மேசைமேல் கிடத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உயரமான பொருளுக்கு அது தப்பான அளவைக் காட்டும், ஏனென்றால் லென்ஸிலிருந்து அளவுகோல் தூரத்தில் இருக்கிறது, பொருளின் மேற்பரப்பு கிட்டத்தில் இருக்கிறது. அடியில் ஸ்பாஞ்ச் துண்டு கொடுத்து, நீங்கள் ஃபோகஸ் செய்யும் பரப்பின் மட்டத்துக்கே அளவுகோலை உயர்த்துங்கள்.

குழிக்குள் எடுப்பதானால் பாதி வெயில், பாதி நிழல் கூடாது. காலையில் எடுங்கள், இல்லையேல் துணி பிடித்துக் குழி முழுவதையும் நிழலாக்குங்கள். வடதிசை அம்புக்குறியும் குழி விவரம் எழுதிய பலகையும் ஒரு படத்தில் இருக்கட்டும், அவை இல்லாமல் இன்னொன்றும் எடுங்கள். தோண்டி எடுத்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது.

அன்று மாலையே குழி எண், அடுக்கு எண், பொருள் எண் மூன்றையும் கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள். ரா கோப்பைத் தொடாதீர்கள். திருத்தமெல்லாம் நகலில் மட்டும்.