ஆங்கிலத்தில் சொற்றொடரா, துணைத் தொடரா?

ஆங்கில வாக்கியத்தின் வகையை அறிய, அதன் நீளத்தைப் பார்க்காமல், முற்றுவினைகளையும் அவற்றிற்குரிய எழுவாய்களையும் முதலில் அடிக்கோடிடுங்கள். ‘ஆஃப்டர் தி ரெயின்’ என்பதில் வினை இல்லாததால் அது வெறும் சொற்றொடர் (ஃபிரேஸ்); ‘ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்டு’ என்றதும் எழுவாயும் வினையும் கூடித் துணைத் தொடர் (சபார்டினேட் கிளாஸ்) ஆகிவிடுகிறது, ஆயினும் ‘ஆஃப்டர்’ முன்னால் இருக்கும்வரை அது தனித்து நிற்காது. அதனுடன் ‘வி வென்ட் ஹோம்’ என்னும் முதன்மைத் தொடரைச் சேர்த்தால் கலவை வாக்கியம் (காம்ப்ளெக்ஸ்) கிடைக்கும். ‘ஆஃப்டர்’ஐ நீக்கி, இரண்டையும் ‘அண்ட்’ கொண்டு இணைத்தால் அதுவே கூட்டு வாக்கியம் (காம்பவுண்ட்).

மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுதான்: ‘அண்ட்’ இருப்பதெல்லாம் கூட்டு வாக்கியம் அன்று. ‘ஷி சாங் அண்ட் டான்ஸ்டு’ என்பதில் இரு வினைகளுக்கும் எழுவாய் ஒன்றே என்பதால், மரபான பாகுபாட்டில் அது தனி வாக்கியமே (சிம்பிள்).