சியாட்டில் வேறு, கிங் கவுன்டி வேறு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் கிங் கவுன்டியைப் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) பற்றி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது மக்கள்தொகையில்தான். 2020 கணக்கெடுப்பின்படி சியாட்டில் நகரத்தில் 7,37,015 பேர். கவுன்டி முழுவதிலும் 22,69,675 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சியாட்டிலுக்கு வெளியேதான் வசிக்கிறார்கள். 40 லட்சம் என்று எங்காவது கண்ணில் பட்டால், அது பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் கவுன்டிகளையும் சேர்த்த பெருநகரக் கணக்கு. நம்மவர்கள் பலர் வேலை பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் ரெட்மண்டும், பக்கத்து பெல்வியூவும் இந்தக் கவுன்டிக்குள் இருந்தாலும் சியாட்டிலின் பேட்டைகள் அல்ல, தனி நகரங்கள்.

பெயர் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். எந்த மன்னருக்கும் இதில் தொடர்பில்லை. மார்ட்டின் லூதர் கிங் பெயரில்தான் கவுன்டி தொடங்கியது என்பதும் தவறு. அவர் பிறந்ததே 1929ல். 1852 டிசம்பரில் இதை உருவாக்கியபோது, துணை அதிபராகத் தேர்வாகியிருந்த அலபாமாக்காரர் வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயரை வைத்தார்கள். அடிமைகளை உழைக்க வைத்துத் தோட்டம் நடத்தியவர் அவர். அந்தக் கௌரவத்தை மார்ட்டின் லூதர் கிங்குக்கு மாற்றி 1986ல் கவுன்டி கவுன்சில் தீர்மானம் போட்டது. 5க்கு 4, ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. பல கட்டுரைகள் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. ஆனால் கவுன்டியை உருவாக்கும் அதிகாரம் மாநிலத்துடையது. மாநிலச் சட்டம் வந்தது 2005ல்தான். 2007ல் கவுன்டியின் சின்னத்திலிருந்து கிரீடத்தை எடுத்துவிட்டு மார்ட்டின் லூதர் கிங்கின் முகத்தை வைத்தார்கள். பெயரில் ஓர் எழுத்துகூட மாறாமல், அது யாருக்கு உரியது என்பதை மட்டும் மாற்றியதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். எனவே எழுதும்போது இரண்டு கிங்குகளையும் ஆண்டோடு சொல்லுங்கள்.

நிலப்பரப்பை சியாட்டில் படங்களை வைத்து எடை போடாதீர்கள். மேற்கே பியூஜெட் சவுண்ட் கடல். அதில் பாலமே இல்லாத வாஷான் தீவு, போக வேண்டுமானால் ஃபெரிதான். கிழக்கே காஸ்கேட் மலைத்தொடரின் உச்சி வரை காடு, அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. ஆகவே சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்ற சராசரி இங்கே எதையும் காட்டாது. சியாட்டில் படங்களில் பின்னால் தெரியும் ரெய்னியர் மலை இந்தக் கவுன்டியிலேயே இல்லை, தெற்கே பியர்ஸ் கவுன்டியில் இருக்கிறது.

இணையத்தில் தேடும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். டெக்சஸிலும் ஒரு கிங் கவுன்டி உண்டு. 2020ல் அங்கே இருந்தவர்கள் 265 பேர்.