சிம்பொனி ஆஃப் தி நைட்: பாதியில் முடியாமல் தலைகீழ்க் கோட்டைக்குப் போவது எப்படி?

கொனாமி 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட 'கேசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்' கேமைப் புதிதாக ஆடுகிறவர்கள், கோட்டை உச்சியில் எதிரியாக நிற்கும் ரிக்டர் பெல்மான்ட்டைக் கொன்றதும் எண்ட் கிரெடிட்ஸ் ஓடுவதைப் பார்த்து கேம் முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. இதே அளவு இன்னொரு கோட்டை, தலைகீழாக, பாக்கி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மேப் கணக்கு 200.6 சதவீதம் வரை போகும். (கதை கொஞ்சம் வெளியே வரும், பரவாயில்லை என்பவர்கள் மேலே படியுங்கள்.)

முதலில் நூலகம். அங்கிருக்கும் கிழவரிடம் 500 காசு கொடுத்து 'ஜுவல் ஆஃப் ஓப்பன்' வாங்குங்கள். நீலக் கதவுகள் இதனால்தான் திறக்கும். கையில் காசு சேர்ந்ததும் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும்.

அடுத்து மூன்று திறன்கள்: கோட்டை உச்சியில் இரட்டைத் தாவலுக்கான 'லீப் ஸ்டோன்', கொலோசியத்தில் பனிமூட்ட உருவம், நூலகத்தில் கம்பித் தடுப்புக்கு அப்பால் வௌவால் உருவம். அந்தத் தடுப்பைப் பனிமூட்டமாக மாறித்தான் கடக்க முடியும். பனிமூட்டமாக இருக்கும்போது எம்பி (MP, மாய சக்தி) மளமளவென்று இறங்கும். முழுதாக நிரம்பாமல் நுழைந்தால் வழியிலேயே உருவம் கலைந்துவிடும்.

அடுத்து, இரண்டு மோதிரங்கள் வேண்டும். தங்க மோதிரம் நிலத்தடிக் குகையில். சேவ் ரூம் போலவே ஓர் அறை இருக்கும். சேவ் செய்யப் போனால் கனவு ஒன்று வரும், நீங்கள் ஆடும் நாயகன் ஆலுகார்டின் தாய் பேசுவாள். பேசுவது தாயல்ல, சக்குபஸ் என்னும் பெண் பேய். அவளை வீழ்த்தினால் மோதிரம் உங்களுக்கு.

வெள்ளி மோதிரம்தான் தலைவலி. தேவாலயத்தில் முள் நிறைந்த தாழ்வாரத்துக்கு அப்பால் இருக்கிறது. முட்களை உடைக்கும் 'ஸ்பைக் பிரேக்கர்' கவசம் கேட்டகூம்ப்ஸில் (நிலத்தடிக் கல்லறைப் பகுதி), கும்மிருட்டான முள் அறையைத் தாண்டினால்தான் கிடைக்கும். 'எக்கோ ஆஃப் பேட்' என்னும் திறன் இருந்தால் வௌவாலாக ஒலியெழுப்பி வழி பார்க்கலாம். அவசரப்படாதீர்கள்: அடி பட்டால் வௌவால் உருவம் போய், முட்களுக்கு நடுவே மனிதனாக விழுவீர்கள். உள்ளே போகுமுன் பக்கத்து சேவ் ரூமில் சேவ் செய்துகொள்ளுங்கள். இந்தக் கேமில் ஆட்டோசேவ் கிடையாது.

இனி இரண்டு மோதிரங்களையும் சேர்த்து அணிந்துகொண்டு மார்பிள் கேலரியின் நடுவிலுள்ள கடிகார அறைக்கு வாருங்கள். ஒன்று மட்டும் மாட்டியிருந்தால் எதுவும் நடக்காது. இரண்டும் இருந்தால் தரை திறக்கும். கீழே மரியா என்னும் பெண் 'ஹோலி கிளாசஸ்' மூக்குக்கண்ணாடி தருவாள். வாங்கினால் மட்டும் போதாது, எக்விப் மெனுவில் தலைக்கான இடத்தில் மாட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்போது ரிக்டரிடம் போகலாம். கண்ணாடி வழியே அவரைச் சுற்றி மிதக்கும் பச்சை உருண்டை தெரியும். அவரை ஆட்டிவைப்பது அதுதான். உருண்டையை மட்டும் அடியுங்கள். உங்கள் வாள் ரிக்டரையும் வெட்டும். அதனால் அகலமாகச் சுழலும் ஆயுதம் வேண்டாம், கூட வரும் துணைப் பேய்களையும் அணைத்துவிடுங்கள். அவர் சாட்டையை வீசி முடித்த நொடியில் இரண்டு முறை தாவி உருண்டையை ஒரு வெட்டு, உடனே விலகல். உருண்டை உடைந்ததும் அவரை ஆட்டிவைத்த ஷாஃப்ட் என்னும் வில்லன் வெளிப்படுவான், வானத்தில் தலைகீழாக இரண்டாவது கோட்டை இறங்கும்.