ஆங்கில வாக்கியத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வாக்கியம் சரியா தவறா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, காதுக்கு இடறவில்லை என்றால் சரி என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முறை ஓரளவு கைகொடுக்கும். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது போதாது. ஏனென்றால் நம் காது தமிழ் வாக்கிய அமைப்புக்குப் பழகியது. “வீ டிஸ்கஸ்டு அபௌட் தி ப்ராப்ளம்” என்ற வாக்கியத்தில் பிழை இருந்தும், நம் காதுக்கு அது நிறைவாகவே ஒலிக்கிறது.

ஆகவே காதை மட்டும் நம்பாமல், எந்த வாக்கியத்தையும் ஒரே வரிசையில் சோதிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வினை, அடுத்து அந்த வினைக்குரிய எழுவாய், பிறகு காலம், அதன்பின் சிறு சொற்கள், இறுதியில் மிகைச் சொற்கள் என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை. வாக்கியத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்து எந்தத் துண்டில் பிழை என்று கேட்கும் வங்கித் தேர்வுகளுக்கும் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் இது உதவும். அலுவலக மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் சரிபார்க்கவும் இதே வரிசை போதும். கீழே வரும் எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒரு தாளில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, கையில் பென்சிலுடன் படித்தால் பயன் கூடும்.

முதல் படி: வினையை அடிக்கோடிடுங்கள்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து, வாக்கியத்தின் நடுவில் இருக்கும். துணைவினைகளையும் சேர்த்து முழு வினையையும் அடிக்கோடிட வேண்டும். “ஷி ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர்” என்பதில் “ஹேஸ் பீன் வொர்க்கிங்” மூன்று சொற்களானாலும் ஒரே வினைத்தொகுதிதான்.

அடிக்கோடிட்டதும், அந்தத் தொகுதிக்குள் காலம் இரண்டு முறை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “ஐ டிட் நாட் வென்ட்”, “டிட் யூ சா ஹிம்?” ஆகியவை இந்த வகைப் பிழைகள். “டிட்” என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டதால், அடுத்து வரும் வினை “கோ”, “சீ” என்று காலம் காட்டாத வடிவில்தான் நிற்க வேண்டும். இதற்குத் தமிழே துணை செய்கிறது. “நான் போகவில்லை” என்று சொல்லும்போது “போக” என்ற காலம் காட்டாத வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். “நான் போனவில்லை” என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. “டிட் நாட்” வரும் இடத்திலெல்லாம் “போகவில்லை” என்பதை நினைவில் கொண்டால் இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

“கேன்”, “மஸ்ட்”, “ஷுட்”, “வில்” ஆகியவற்றுக்குப் பின்னும் இதே விதிதான். “ஹி கேன் ஸ்பீக்ஸ்” தவறு, “ஹி கேன் ஸ்பீக்” சரி. “யூ மஸ்ட் டு கோ” என்பதில் “டு” வேண்டாம். “ஐ கேன் ஏபிள் டு டூ இட்” என்பதில் முடியும் என்ற ஒரே பொருளை இரண்டு சொற்கள் சொல்கின்றன. “ஐ கேன் டூ இட்” அல்லது “ஐ ஆம் ஏபிள் டு டூ இட்” என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: அந்த வினை யாருடையது?

“தி ப்ரைஸ் ஆஃப் தீஸ் வெஜிடபிள்ஸ் ஆர் வெரி ஹை.” இந்த வாக்கியத்தில் “ஆர்” என்ற வினைக்கு மிக அருகில் “வெஜிடபிள்ஸ்” இருக்கிறது. அருகில் இருப்பதாலேயே அதை எழுவாய் என்று எண்ணிவிடுகிறோம். உயர்ந்திருப்பது காய்கறிகளா, விலையா? விலைதான். எனவே “இஸ்” வர வேண்டும். “ஆஃப்”, “வித்”, “அலாங் வித்”, “ஆஸ் வெல் ஆஸ்” போன்றவற்றில் தொடங்கும் பகுதியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டு மறைத்துவிட்டுப் படித்தால், எழுவாயும் வினையும் நேருக்கு நேர் நிற்கும். “தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ், ஹேவ் லெஃப்ட்” என்பதில் மாணவர்களை மறைத்துப் பாருங்கள். எஞ்சியிருப்பது ஒரே ஆசிரியை, ஆகவே “ஹேஸ் லெஃப்ட்”.

“ஒன் ஆஃப்” என்று தொடங்கும் வாக்கியத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் லிவ் இன் மதுரை” என்பதில் பலரில் ஒருவர் என்ற பொருள் இருப்பதால் பெயர் பன்மையில் “ஃப்ரெண்ட்ஸ்” என்றும், வசிப்பவர் ஒருவரே என்பதால் வினை “லிவ்ஸ்” என்றும் மாற வேண்டும். “ஈச்”, “எவ்ரி”, “எவ்ரிபடி” ஆகியவையும் ஒருமை வினையையே ஏற்கும். “தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்” என்பது ஓர் எண்ணிக்கையைக் குறிப்பதால் ஒருமை; “எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்” என்பது பல மாணவர்கள் என்று பொருள்படுவதால் பன்மை.

பெயர்ச்சொற்களில் நாம் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. தமிழில் அஃறிணைப் பெயருக்கு “கள்” விகுதி கட்டாயமில்லை. “ஐந்து புத்தகம் வாங்கினேன்” என்பது இயல்பான பேச்சு. ஆங்கிலத்தில் “ஃபைவ் புக்” செல்லாது. மறுபுறம், நாம் எண்ணிக்கைக்குள் கொண்டுவரும் சில பெயர்களை ஆங்கிலம் எண்ணுவதே இல்லை. “இன்ஃபர்மேஷன்”, “அட்வைஸ்”, “ஃபர்னிச்சர்”, “லக்கேஜ்”, “எக்விப்மென்ட்” ஆகியவற்றின் இறுதியில் பன்மையைக் காட்டும் “எஸ்” எழுத்து சேர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். “நியூஸ்”, “மேத்தமேடிக்ஸ்” ஆகியவை பன்மைபோல் முடிந்தாலும் ஒருமை. “பீப்பிள்”, “போலீஸ்” ஆகியவை ஒருமைபோல் தோன்றினாலும் பன்மை வினையை ஏற்பவை.

மூன்றாம் படி: காலத்தைச் சோதியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். தமிழின் வினை வடிவம் ஒன்றை ஆங்கில வடிவம் ஒன்றோடு நிலையாக இணைத்துக்கொள்வதே இங்கே வரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

“நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்” என்பது நல்ல தமிழ். “போயிருந்தேன்” என்பதில் இரண்டு வினைகள் இணைந்திருப்பதால் “எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை” என்று எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் “ஹேட்” சேர்ந்த இந்த வடிவம், இறந்தகாலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளில் முந்தியதைக் காட்டுவது. “வென் ஐ ரீச்டு தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்” என்னும்போது ரயில் புறப்பட்டது முந்தியது என்பது தெளிவாகிறது. ஒப்பிட வேறு நிகழ்ச்சி இல்லாதபோது “எஸ்டர்டே ஐ வென்ட் டு மதுரை” என்பதே போதும். அதுபோல “எஸ்டர்டே”, “லாஸ்ட் வீக்”, “இன் 2019” என முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் “ஹேவ் சீன்”, “ஹேஸ் கம்” போன்ற வடிவங்கள் அங்கே நிற்கக்கூடாது. “சா”, “கேம்” என்று எழுத வேண்டும்.

“பத்து வருடங்களாக இங்கே வசிக்கிறேன்” என்பதில் வினை நிகழ்காலம். அதனால் “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்று எழுதுகிறோம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. முன்பே தொடங்கி இன்றுவரை தொடர்வதை ஆங்கிலம் “ஹேவ் பீன் லிவிங்” என்றுதான் சொல்லும். மேலும், கால அளவைச் சொல்ல “ஃபார்”, தொடங்கிய நேரத்தைச் சொல்ல “சின்ஸ்” வேண்டும். இந்த இரண்டாவது வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே தெளிவாக வைத்திருக்கிறது: “பத்து வருடங்களாக” என்று “ஆக” வந்தால் “ஃபார்”, “2015 முதல்”, “சிறு வயதிலிருந்து” என்று வந்தால் “சின்ஸ்”. சந்தேகம் வரும்போது அந்தத் தொடரைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

“அவர் தினமும் ஐந்து மணிக்கு எழுவார்” என்பதில் “எழுவார்” எதிர்கால வடிவமாக இருந்தாலும் வழக்கத்தையே குறிக்கிறது. இதை “ஹி வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே” என்று எழுதினால், இனிமேல் எழப்போகிறார் என்றே படிப்பவர் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். வழக்கத்தைச் சொல்ல “ஹி கெட்ஸ் அப்” போதும்.

இறுதியாக, “இங்” வடிவம். அறிவு, உணர்வு, உடைமை ஆகிய நிலைகளைக் குறிக்கும் வினைகள் பொதுவாக இந்த வடிவத்தை ஏற்பதில்லை. “ஐ ஆம் நோயிங் ஹிம்”, “ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்” ஆகியவற்றை “ஐ நோ ஹிம்”, “ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்” என்று திருத்த வேண்டும். “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” என்பது மட்டும் சரி. ஏனென்றால் அங்கே அது உண்ணுதல் என்ற செயலைக் குறிக்கிறது. இத்தகைய இடங்களில் விதியை மனப்பாடமாகப் பொருத்துவதைவிட, வினை அங்கே ஒரு நிலையைச் சொல்கிறதா செயலைச் சொல்கிறதா என்று கேட்பதே பாதுகாப்பானது.

நான்காம் படி: சிறு சொற்கள்

“டிஸ்கஸ் அபௌட்” ஏன் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது? “அதைப் பற்றி விவாதித்தோம்” என்பதில் உள்ள “பற்றி” ஆங்கிலத்திலும் தனக்கு ஓர் இடம் கேட்கிறது. “சென்னைக்கு வந்து சேர்ந்தேன்” என்பதிலுள்ள “கு” உருபு “ரீச்டு டு சென்னை” என்று எழுத வைக்கிறது. “அறைக்குள் நுழைந்தான்” என்பது “என்டர்டு இன்டு தி ரூம்” ஆகிறது. இந்த மூன்று வினைகளுக்கும் பின்னால் செயப்படுபொருள் நேரடியாக வர வேண்டும். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. “இசையைக் கேட்டேன்” என்பதில் “ஐ” உருபு மட்டுமே இருப்பதால் “லிசன் மியூசிக்” என்று எழுதிவிடுகிறோம், அங்கே “லிசன் டு” வேண்டும். “எனக்கு விளக்குங்கள்” என்பது “எக்ஸ்ப்ளெயின் மீ” ஆகிவிடுகிறது, அங்கே “எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ” என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வினையையும் அதற்குப் பின் வரும் சிறு சொல்லோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிக் கற்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. “சீனியர்”, “ஜூனியர்”, “ப்ரிஃபர்” ஆகியவற்றுக்குப் பின் “தேன்” வராது, “டு” வரும் என்பதையும் அதே குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“எ”, “ஆன்” ஆகிய ஆர்ட்டிகிள்களைச் சோதிக்க நம் எழுத்துமுறையே நல்ல கருவி. ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், அடுத்த சொல்லை உச்சரிப்பின்படி தமிழில் எழுதிப் பாருங்கள். அது உயிரெழுத்தில் தொடங்கினால் “ஆன்”, மெய்யெழுத்திலோ உயிர்மெய்யெழுத்திலோ தொடங்கினால் “எ”. எனவே “ஆன் அவர்”, “ஆன் ஆனஸ்ட் மேன்”, “ஆன் எம்எல்ஏ”, “ஆன் எக்ஸ்-ரே” ஆகியவை சரி. “எ யுனிவர்சிட்டி”, “எ யூனியன்”, “எ யூரோப்பியன்” ஆகியவையும் சரி. “ஒன்” என்ற எண்ணில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் அதை உயிரெழுத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் அது “வன்” என்றே ஒலிப்பதால் “எ ஒன்-வே ஸ்ட்ரீட்” என்றுதான் வரும். “தி” எங்கே வர வேண்டும் என்பது தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய செய்தி. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் எது என்று தெரிந்த பொருளுக்கு முன் அது வரும் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மிகையை நீக்குங்கள்

“ரிட்டர்ன் பேக்”, “ரிப்பீட் அகெய்ன்”, “மோர் பெட்டர்”, “கஸின் பிரதர்” ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சொல் வீண். “தோ ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹேப்பி” என்பதில் “தோ”, “பட்” இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி வடிவம் மிகையாக நுழைவதும் உண்டு. “கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி ஸ்டேஷன்?” என்பதில் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டாகிவிட்டது. உள்ளே இருக்கும் பகுதி சாதாரண வரிசைக்குத் திரும்பி “வேர் தி ஸ்டேஷன் இஸ்” என்று அமைய வேண்டும்.

எல்லாவற்றையும் பிழை என்று அடிக்கவும் கூடாது. ஒரு நிகழ்ச்சியை முன்னதாகவே நடத்துவதைக் குறிக்கும் “ப்ரிபோன்” என்ற சொல்லைப் பார்த்ததும் சிலர் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய அந்தச் சொல் இன்று ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் இருக்கிறது. “எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் தெயர் புக்” என்ற அமைப்பும் இன்றைய ஆங்கிலத்தில் பரவலாக ஏற்கப்பட்டது. சில தேர்வு நூல்கள் இன்னும் “ஹிஸ்” என்றே விடை தருவதால், தேர்வெழுதுகிறவர்கள் மட்டும் அதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி

“ஒன் ஆஃப் மை கலீக் ஆர் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ், பட் ஹி டிட் நாட் டுக் எ சிங்கிள் டே ஆஃப்.”

இதில் வினைகள் இரண்டு: “ஆர் வொர்க்கிங்”, “டிட் நாட் டுக்”. இரண்டாவதில் காலம் இருமுறை வந்திருப்பது முதல் படியிலேயே தெரிகிறது. எழுவாய் “ஒன்”, எனவே “ஆர்” நிற்காது. “கலீக்” பன்மையாக வேண்டும். ஐந்து வருடங்களாக என்று “ஆக” வருவதால் “ஃபார்”. இன்றுவரை தொடரும் வேலை என்பதால் “ஹேஸ் பீன் வொர்க்கிங்”. இப்போது இரண்டாம் வினைக்குத் திரும்புங்கள். “டிட் நாட் டேக்” என்று திருத்தினால் வடிவம் சரியாகிவிடும். ஆனால் விடுப்பு எடுக்காததும் இன்றுவரை தொடர்கிற செய்தி என்பதால் “ஹேஸ் நாட் டேக்கன்” என்பதே இங்கே பொருந்தும். முழு விடை: “ஒன் ஆஃப் மை கலீக்ஸ் ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ், பட் ஹி ஹேஸ் நாட் டேக்கன் எ சிங்கிள் டே ஆஃப்.”

அடுத்ததை நீங்களே செய்து பாருங்கள்: “தி குவாலிட்டி ஆஃப் தி ஃபர்னிச்சர்ஸ் வேர் பேட், ஸோ வீ ஹேவ் ரிட்டர்ன்டு பேக் இட் லாஸ்ட் வீக்.” இதில் திருத்த வேண்டிய இடங்கள் நான்கு. “தி குவாலிட்டி ஆஃப் தி ஃபர்னிச்சர் வாஸ் பேட், ஸோ வீ ரிட்டர்ன்டு இட் லாஸ்ட் வீக்” என்று உங்கள் விடை அமைந்திருக்க வேண்டும்.