நாளைய முதல் வரியை இன்றே எழுதி வையுங்கள்

நாள்தோறும் கதையோ கவிதையோ எழுதுவது என்று முடிவெடுப்பவர்களில் பலர், முதல் நாளே ஆயிரம் சொற்களை இலக்காக வைத்துக்கொண்டு உற்சாகமாகத் தொடங்கி, அலுவலக வேலையோ காய்ச்சலோ குறுக்கிட்டதும் கைவிட்டுவிடுகிறார்கள். இதற்கு மன உறுதி போதாததைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என் கணிப்பில், பெரும்பாலும் அளவைத் தவறாக வைத்ததே காரணம். மிகவும் களைத்துப்போன நாளிலும் முடிக்கக்கூடியது எதுவோ அதுவே தினசரி அளவாக இருக்க வேண்டும். பதினைந்து நிமிடமோ நூறு சொற்களோ போதும். அதற்கு மேல் எழுத வந்தால் எழுதலாம், ஆனால் மறுநாளின் அளவை அதற்காக உயர்த்தக் கூடாது.

நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு குறிப்பதைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலோடு இணைப்பது நல்லது. காலையில் பல் துலக்கியதும், அல்லது இரவு உணவுக்குப் பின் மேசையைத் துடைத்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த ஒரு சிறு செயலை இவ்வாறு அன்றாட நிகழ்வு ஒன்றோடு இணைத்துச் செய்துவந்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஒருவருக்கு 18 நாள் போதும் என்றும் இன்னொருவருக்கு 254 நாள் தேவைப்படும் என்றும் அவர்கள் கணித்தார்கள். எழுத்து அவற்றைவிடக் கடினமான செயல் என்பதால், ஒரு மாதத்தில் பழக்கம் படியவில்லை என்று சோர்வதற்குக் காரணமில்லை. இடையில் ஒரு நாள் விடுபட்டால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது; விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக எழுதித் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான தடை, உட்கார்ந்த பிறகு வரும் முதல் ஐந்து நிமிடங்கள்தான். அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே நாவல்களை எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப், அதிகாலை ஐந்தரைக்கு மேசையில் அமர்ந்து, முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்த பின்னரே தொடர்வார். கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் எழுதிய அவருடைய வேகத்தை நாம் பின்பற்ற வேண்டாம். படித்துவிட்டுத் தொடங்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு படி மேலே சென்று, அன்றைய எழுத்தை நிறுத்தும்போதே மறுநாளின் முதல் வரியையும், அடுத்து என்ன நடக்கும் என்ற ஒருவரிக் குறிப்பையும் எழுதி வைத்துவிடுங்கள். “கடிதத்தைப் படித்தவர் அதைத் திரும்ப உறையிலிட்டார், மகளிடம் சொல்லப்போவதில்லை” என்ற அளவுக்கு இருந்தால் போதும், மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து விழிக்க நேராது.

தொடர்வதற்குக் கதையே இல்லாத நாளும் வரும். அப்போது “எதையாவது எழுது” என்று தன்னை விரட்டுவது பயன்தராது. குறுகலான ஒரு விதியே மனத்தை அசைக்கும். தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், அறைக்குள் நுழையும் ஒருவரை அவருடைய செயல்களால் மட்டும் காட்டுங்கள். பணம் கேட்க வந்தவரும் அதை அறிந்துகொண்டவரும், பணம் என்ற பேச்சையே எடுக்காமல் உரையாடுவதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஒரே சண்டையை, அதில் தோற்றவரின் குரலிலும் கதவுக்கு வெளியே நின்று கேட்டவரின் குரலிலும் சொல்லிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி.

எழுதும் நேரத்தில் திருத்த வேண்டாம். உரையாடலைப் பேச்சுத்தமிழில் வைப்பதா எழுத்துத்தமிழில் வைப்பதா என்ற தயக்கத்திலேயே நம்மில் பலருக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. முதல் வரைவில் வாயில் வந்தபடியே எழுதிச் செல்லலாம், ஒற்றுப்பிழைகளும் அப்படியே கிடக்கட்டும். தமிழ்த் தட்டச்சு இன்னும் கைவராதவர்கள் கையால் எழுதுவதே மேல், ஏனெனில் விசையைத் தேடும் இடைவெளியில் வாக்கியம் நழுவிவிடும். திருத்துவதற்கு வாரத்தில் வேறொரு பொழுதை ஒதுக்கி, அந்த வாரத்துப் பக்கங்களில் மீண்டும் படிக்கத் தோன்றும் ஒன்றை மட்டும் எடுத்துச் செப்பனிடுங்கள். மற்றவற்றைத் தேதியிட்டு வைத்துவிடலாம்.