ஸ்கிரிப்ட் மொழிக்கும் கெர்னலுக்கும் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பதிப்புரிமைப் பக்கம். பலர் அதைத் தாண்டி நேராகப் பொருளடக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தியாவில் அச்சாகும் மலிவு விலைப் பதிப்புகளில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மறு அச்சு 2019 என்று போட்டிருக்கும், அதே பக்கத்தில் சில வரிகள் தள்ளி மூன்றாம் பதிப்பு 2005 என்றும் இருக்கும். கணக்கில் கொள்ள வேண்டியது 2005தான். மறு அச்சில் சில எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டிருக்கலாம், பாடம் அதே பழைய பாடம்தான்.

2005 என்பது சும்மா சொன்ன ஆண்டு இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் படிக்க வருகிறவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் ‘அண்டர்ஸ்டாண்டிங் த லினக்ஸ் கெர்னல்’, ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ இரண்டுக்கும் மூன்றாம் பதிப்பு வந்த ஆண்டு அது. முதலாவது 2.6.11 கெர்னலையும், இரண்டாவது 2.6.10 கெர்னலையும் வைத்து எழுதப்பட்டவை. இரண்டுமே அருமையான புத்தகங்கள். ஆனால் உங்கள் கணினியில் ஓடுவது எந்தக் கெர்னல் என்று ‘யூநேம் -ஆர்’ கொடுத்துப் பார்க்காமல் அவற்றைத் திறப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் பேர் செய்யும் தவறு.

எந்தப் பிராசஸ் (ஓடும் நிரல்) எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துப் புத்தகத்தில் ஆக்டிவ், எக்ஸ்பையர்ட் என்று இரண்டு அணிகளும் (அரே) 140 முன்னுரிமை நிலைகளும் விளக்கப்பட்டிருக்கும். 2007-இல் 2.6.23 வந்தபோது சாதாரணப் பிராசஸ்களுக்கான அந்த அமைப்பு எடுக்கப்பட்டு, சிவப்பு-கறுப்பு மரம் என்ற தரவு அமைப்பை வைத்து இயங்கும் சி.எஃப்.எஸ். என்ற ஷெட்யூலர் வந்தது. 2023-இல் 6.6 கெர்னலில் அதன் இடத்தில் இ.இ.வி.டி.எஃப். வந்துவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்தவர், இன்றைய மூல நிரலைத் திறந்து அந்த இரண்டு அணிகளைத் தேடினால் கிடைக்காது.

ஒரு சாதனத்தைக் கெர்னலோடு இணைக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர்களுக்கு இதைவிட நேரடியான அடி விழும். 2005 புத்தகத்தில் உள்ள கேரக்டர் டிவைஸ் உதாரணத்தை அப்படியே தட்டிக் கம்பைல் செய்தால், ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரில் ‘ஐஆக்டல்’ (சாதனத்துக்குக் கட்டுப்பாட்டுக் கட்டளை அனுப்பும் வழி) என்ற உறுப்பே இல்லை என்று கம்பைலர் நிறுத்திவிடும். 2.6.36-இல் அது நீக்கப்பட்டது, இப்போது இருப்பது ‘அன்லாக்டு ஐஆக்டல்’. இணையத்தில் தேடினால் பெயரை மாற்று, சரியாகிவிடும் என்று பதில் கிடைக்கும். அதை மட்டும் செய்து நிறுத்துவது அடுத்த தவறு. பழைய ஃபங்ஷனுக்கு முதல் ஆர்கியுமென்டாக ஐனோடு (கோப்பின் விவரப் பதிவு) வந்தது, புதியதற்கு வராது. திருப்பித் தரும் வகையும் இன்ட்டிலிருந்து லாங்காக மாறிவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், பழையதைக் கெர்னல் தனது பெரிய பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் கூப்பிட்டது. புதியதில் அந்தப் பூட்டு இல்லை. பொதுத் தரவை நீங்களே ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்துக் காக்க வேண்டும். காக்காமல் விட்டால், டிரைவர் உங்கள் மேசையில் ஒழுங்காக ஓடும். இரண்டு பிராசஸ் ஒரே நேரத்தில் கூப்பிடும் நாளில்தான் தரவு கெடும்.

அதற்காகப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மெய்நிகர் நினைவகம் ஏன் வேண்டும், இண்டரப்ட் (சாதனம் செயலியை இடைமறிக்கும் அழைப்பு) கையாளும்போது ஏன் தூங்கக் கூடாது, பல கோப்பு முறைமைகளை ஒரே மாதிரி அணுக வைக்கும் வி.எஃப்.எஸ். அடுக்கு எதற்கு, இவையெல்லாம் இன்றும் அப்படியே நிற்கின்றன. நோக்கத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்களையும் ஸ்ட்ரக்சர்களையும் உங்கள் கெர்னலின் மூல நிரலில் சரிபாருங்கள். மாறியிருப்பதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் பதிப்பு எண்ணோடு எழுதி வைத்தால் அந்தப் பிரதி இன்னும் பல வருடம் உதவும். எழுதிய மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் நிரல் துண்டு) ஏற்றிப் பார்ப்பது எப்போதும் விர்ச்சுவல் மெஷினில் மட்டும், அதுவும் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு. கெர்னலுக்குள் ஒரு தப்பான பாயின்டர் போதும், வேலை செய்யும் கணினியின் கோப்பு முறைமையே கெட்டுப்போகலாம்.

புத்தகமும் நிரலும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்றால் எம்.ஐ.டி.யின் எக்ஸ்வி6-இலிருந்து ஆரம்பியுங்கள். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி, இப்போது ரிஸ்க்-ஃபைவ் செயலிக்காக எழுதப்பட்ட கற்பித்தல் இயங்குதளம் அது. கெர்னல் பத்தாயிரம் வரிகளுக்குள் முடிந்துவிடும், ஒரு கணினியைப் போலவே நடிக்கும் கியூ.ஈ.எம்.யூ. மென்பொருளில் ஓடும். கூடவே வரும் புத்தகம் ஏறக்குறைய நூறு பக்கம், இரண்டும் இலவசம். முதல் கெர்னல் புத்தகமாக ஆயிரம் பக்கப் புத்தகத்தை வாங்குவதைவிட இது எத்தனையோ மேல்.

இன்னொரு குழப்பம் உண்டு. கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் புத்தகம் வேறு, கெர்னலிடம் வேலை வாங்குவது எப்படி என்று சொல்லும் புத்தகம் வேறு. மைக்கேல் கெரிஸ்க் எழுதி 2010-இல் வந்த ‘த லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்’ இரண்டாம் வகை. ஃபோர்க், பைப், வெயிட், சிக்னல் ஆகியவற்றை வைத்து ஒரு சின்ன ஷெல்லாவது (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எழுதிப் பார்க்காதவர் முதல் வகைக்குப் போனால், விடை கையில் இருக்கும், கேள்வி என்னவென்று தெரியாது. இங்கேயும் ஒரு இடறல் காத்திருக்கிறது. புத்தகம் ஃபோர்க் என்று சொல்லும், நிரல் கெர்னலிடம் கேட்பதைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ போட்டுப் பார்த்தால் ‘குளோன்’ என்று வரும். ஓப்பன் என்று எழுதினால் ‘ஓப்பன்அட்’ என்று வரும். புத்தகம் தவறில்லை. உங்கள் நிரல் கூப்பிடுவது ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் ஃபங்ஷனை, அது உள்ளே எந்த சிஸ்டம் காலை, அதாவது கெர்னலுக்கான அழைப்பை, பயன்படுத்துகிறது என்பது அதன் விருப்பம்.

ஸ்கிரிப்ட் மொழிகளில் பதிப்புத் தவறு சத்தம் போடாமல் வரும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது, ஆனாலும் அதற்கான புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் இன்னும் கிடக்கின்றன. அடைப்புக்குறி இல்லாத பிரின்ட், ‘ரா இன்புட்’, ‘எக்ஸ்ரேஞ்ச்’ இவற்றில் ஒன்று முதல் ஐம்பது பக்கத்தில் கண்ணில் பட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம். இவை பைத்தான் 3-இல் உடனே பிழை காட்டும், அதனால் பெரிய ஆபத்தில்லை. பிழையே காட்டாமல் விடையை மாற்றுபவைதான் ஆபத்து. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2-இல் 3, பைத்தான் 3-இல் 3.5. சாக்கெட்டிலிருந்து வந்த பைட்ஸை சாதாரண ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் இரண்டிலும் எழுத்துகள் ஒன்றாகவே இருந்தாலும் பைத்தான் 3-இல் ‘ஃபால்ஸ்’ என்றுதான் வரும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு கிளை மட்டும் ஒருபோதும் இயங்காது.

தலைகீழாகவும் நடக்கும். ‘மேட்ச்’ கட்டளை பைத்தான் 3.10-இல்தான் வந்தது. புதிய புத்தகத்தைப் பார்த்து அதை 3.8 இருக்கும் சர்வரில் எழுதினால் சின்டாக்ஸ் எரர்தான்.

லினக்ஸில் வழக்கமான ஷெல்லான பாஷ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது எந்த ஷெல் உண்மையில் ஓடுகிறது என்பது. உபுண்டுவிலும் டெபியனிலும் ‘எஸ்ஹெச்’ என்பது பாஷ் இல்லை, டேஷ் என்ற வேறு ஷெல். புத்தகத்தில் உள்ள பாஷ் ஸ்கிரிப்ட்டை ‘எஸ்ஹெச்’ போட்டு ஓட்டினால் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. இரட்டைச் சதுர அடைப்பு வைத்த ‘இஃப்’ வரியில், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று டேஷ் முணுமுணுத்துவிட்டு, நிற்காமல் ‘எல்ஸ்’ பகுதிக்குப் போய்விடும். அந்த ‘எல்ஸ்’ பகுதியில் கோப்பை அழிக்கும் கட்டளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேக் கணினியோடு வரும் பாஷ் 3.2, அதில் அசோசியேட்டிவ் அரே (பெயரால் தேடும் பட்டியல்) கிடையாது, அது 4.0-இல் வந்தது.

மின்னூலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், ஆப்ஷனுக்கு முன்னால் உள்ள சிறு கோடு நீளக் கோடாகவும் மாறி வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். பைத்தானில் வரியின் முன்னிடைவெளியே காணாமல் போகும். கையால் தட்டுவதே பாதுகாப்பு.

வாங்கிய புத்தகத்தோடு, கணினியிலேயே இருக்கும் கையேடான மேன் பக்கங்களையும் பழகிக்கொள்ளுங்கள். ‘மேன் பிரின்ட்எஃப்’ என்றால் முதல் பிரிவில் உள்ள ஷெல் கட்டளை வரும், சி ஃபங்ஷன் வேண்டுமென்றால் ‘மேன் 3 பிரின்ட்எஃப்’. சிஸ்டம் கால்கள் 2-ஆம் பிரிவு, கோப்பு வடிவங்கள் 5, நிர்வாகக் கட்டளைகள் 8. ‘சிடி’, ‘ரீட்’ போல பாஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளுக்கு மேன் உதவாது, ‘ஹெல்ப் ரீட்’ என்று கேட்க வேண்டும். இந்தப் பக்கங்கள் உங்கள் கணினியில் நிறுவப்பட்ட பதிப்போடு சேர்ந்தே வருகின்றன. புத்தகமும் மேன் பக்கமும் முரண்பட்டால் முதலில் மேன் பக்கத்தை நம்புங்கள், பிறகு ஐந்து வரியில் ஒரு சோதனை நிரல் எழுதி ஓட்டிப் பாருங்கள்.