மெயில் ஹெடரில் தமிழ்: 45-ஆவது பைட்டில் வெட்டாதீர்கள்

பைத்தானில் மெயில் அனுப்பும் கோடு எழுதிவிட்டு, "சப்ஜெக்ட்ல கேள்விக்குறியா வருதுண்ணா" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து நிற்கிறார். திறந்து பார்த்தால் ஆரம்ப காலத்தில் நான் எழுதிய அதே கோடு. யூடிஎஃப்-8 (எழுத்தை பைட்டாக மாற்றும் முறை) போட மறந்ததையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பேஸ்64-ஐ நாமே வெட்டுவது

பேஸ்64 என்பது மூன்று பைட்டை நான்கு சாதாரண எழுத்தாக மாற்றும் முறை. அதை நாமே வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற ஹெடர் வரிகளுக்கு 1996-இல் வந்த இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 2047-இன்படி ஒரு என்கோடட் வேர்டு (இப்படி மாற்றி எழுதிய ஒரு துண்டு) 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8, பேஸ்64 என்று சொல்லும் முன்குறி, பின்குறிக்கு 12 போனால் மீதி 63, பேஸ்64 நான்கு நான்காகத்தான் போகும் என்பதால் அதில் 60, அதாவது 45 பைட். சரி, 45 பைட்டுக்கு ஒரு வெட்டு என்று லூப் எழுதிவிடுகிறோம். "தமிழ்" என்ற சொல் 15 பைட்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, ஒவ்வொன்றும் 3. மூன்று முறை ஒட்டி எழுதிச் சோதித்தால் கச்சிதமாக 45, டெஸ்ட் பாஸ். இடைவெளி விட்டு மூன்று முறை எழுதிப் பாருங்கள், கடைசிப் புள்ளியின் முதல் பைட் ஒரு துண்டிலும் மற்ற இரண்டும் அடுத்த துண்டிலும் போய் விழும்.

நான் செய்த ரசீது மெயிலில் இதுதான் நடந்தது. சப்ஜெக்டில் வாடிக்கையாளர் பெயர் வரும், அதனால் சிலருக்கு மட்டும் உடைந்தது. என் மெயில் ஆப் துண்டுகளை ஒட்டிவிட்டுப் படித்ததால் எனக்கு எல்லாமே சுத்தமாகத் தெரிந்தது. அவர்களுடையது ஒவ்வொரு துண்டையும் தனியாகப் படித்தது, விதியும் அதுதான். டேட்டாபேஸில் கோளாறு என்று நம்பி இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

பைத்தானிலேயே இருக்கும் ஈமெயில்மெசேஜ் கிளாஸிடம் சப்ஜெக்டை வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிடுங்கள், எழுத்து உடையாமல் அதுவே பிரித்துக்கொள்ளும். வேறு வழியில்லாமல் நீங்களே பிரித்தால், முதலில் எழுத்துகளைப் பிரித்துவிட்டு அப்புறம் என்கோடு செய்யுங்கள்.

அனுப்புநர் வரியை முழுசாக என்கோடு செய்வது

பெயரை மட்டும். முகவரியைத் தொடவே கூடாது.

என்கோடு செய்த பெயருக்கு மேற்கோள் குறி

வேண்டாம். மேற்கோளுக்குள் இருந்தால் அதை டிகோடு செய்யக் கூடாது என்பதுதான் விதி.

இணைப்புக் கோப்பின் பெயர்

அதற்கு ஆர்எஃப்சி 2231 என்று தனி விதி இருக்கிறது, சப்ஜெக்டுக்கு எழுதிய ஃபங்ஷனை இங்கே ஒட்டாதீர்கள். அதே ஈமெயில்மெசேஜ் கிளாஸின் ஆட்-அட்டாச்மென்ட்டில் ஃபைல்நேமாகக் கொடுத்தால் போதும்.